நோயை வரையலாமா, வரைந்ததை ஊருக்குக் காட்டலாமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 28. அப்பா விசைப்படகில் வேலைக்குப் போகிறார், அம்மா பாசி எடுக்கப் போவார். ஐந்து வருடமாக எனக்கு லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) இருக்கிறது, மதுரையில் பார்க்கிறோம். இடையில் மனச்சோர்வுக்கும் மாத்திரை எடுத்தேன். போன வருடம் ஏடிஹெச்டி (கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது சிரமமாக இருக்கும் நிலை) இருக்கிறது என்றும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் வாங்கிய திட்டுக்கெல்லாம் அன்றைக்குத்தான் காரணம் புரிந்தது. படுத்துக் கிடந்த நாட்களில் லேப் ரிப்போர்ட்டின் பின்பக்கம் வரைய ஆரம்பித்து, இப்போது அதுதான் என் பொழுது. ஒரு படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். சித்தி அம்மாவுக்குப் போன் போட்டு, "நோவை இப்படி ஊருக்குக் காட்டுனா யாரு கட்டிக்குவா? பேசாம ஏர்வாடியில கொண்டுபோய் விட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. இதற்கிடையில் இங்கே ஓர் அமைப்பு மகளிர் விழா நடத்துகிறது. என் படங்களை 'நோயை வென்ற நங்கை' என்று தலைப்புப் போட்டு வைப்பார்களாம், நான் மேடையில் பேச வேண்டுமாம். நான் எதையும் வெல்லவில்லை. எடுத்த படத்தை முடிப்பதுகூட இல்லை. வலியை வரைந்தால் சில நேரம் இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே கிடக்கிறேன். இதெல்லாம் கலையா, வெறும் புலம்பலா? தொடரலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தொடருங்கள். ஆனால் வரைவது ஒரு வேலை, வரைந்ததைக் காட்டுவது இன்னொரு வேலை. உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. சித்தியின் கோபம், அம்மாவின் பட்டினி, விழாக்காரர்களின் தலைப்பு எல்லாமே காட்டுவதைப் பற்றியவை. வரைவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. அதனால் முதலில் வரைவதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நீங்கள் அனுப்பியிருந்த படத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு இடது கை. விரல்களை விரித்து வைத்திருக்கிறது. நடுவிரல் கணுவில் பழைய பாம்பன் தூக்குப்பாலம் இரண்டாகப் பிளந்து மேலே தூக்கி நிற்கிறது. இந்தக் கரையில் ஒரு ரயில் நிற்கிறது. கைக்கு வடக்கே கடல் பாய் விரித்த மாதிரி கிடக்க, தெற்கே அலை எழும்பி மணிக்கட்டு வரை வருகிறது. ஓரத்தில் சின்ன எழுத்தில், "உடம்பு அடங்குனா மனசு கெளம்புது."

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கையும் விரலும் பார்ப்பதுதான் என் பிழைப்பு. காலையில் விரல் மடங்கவில்லை என்று வருகிறவர்களுக்கு 'காலை விறைப்பு, ஒரு மணி நேரம்' என்று ஃபைலில் எழுதுவேன். பாலம் தூக்கியிருக்கும்வரை ரயில் எவ்வளவு அவசரமாக இருந்தாலும் நிற்க வேண்டும், டிரைவரைத் திட்டிப் பயனில்லை என்ற செய்தி அந்தக் குறிப்பில் வராது. உங்கள் படத்தில் வந்திருக்கிறது. இரண்டு கடலும் அப்படித்தான். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளித்தால் பாக் விரிகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும், வாடையில் இது அப்படியே மாறும். தீவில் பிறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். உடம்பும் மனசும் முறை வைத்துக்கொண்டு படுத்துகிற கதையை வெளியூர்க்காரர் ஒருவர் இப்படி வரைந்திருக்க முடியாது.

ஒரு சின்னச் சண்டை மட்டும் போட வேண்டியிருக்கிறது. ரிப்போர்ட்டின் அசல் தாளில் வரையாதீர்கள். லூபஸில் சிறுநீரில் போகும் புரதமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் போன தடவைக்கு இந்தத் தடவை எப்படி என்று ஒப்பிட்டுத்தான் டாக்டர் முடிவெடுப்பார். அந்தத் தாளில் கடல் பொங்கிக்கொண்டிருந்தால் அவருக்குக் கஷ்டம். ஜெராக்ஸ் எடுத்து அதில் வரையுங்கள். எண்கள் பின்னாலிருந்து மங்கலாகத் தெரிவது உங்கள் படத்துக்கு அழகுதான், அது ஜெராக்ஸிலும் வரும்.

சரி, கலையா புலம்பலா? 2016இல் அமெரிக்காவில் கிரிஜா கைமல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 39 பேரை உட்காரவைத்து 45 நிமிடம் களிமண், பேனா, காகிதத் துண்டுகள் என்று கொடுத்து இஷ்டப்படி ஏதாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசோல் பார்த்தார்கள். உடம்பு பதற்றத்தில் இருக்கும்போது கூடுகிற ஹார்மோன் அது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே வரையத் தெரிந்தவரா இல்லையா என்பது அதில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. சின்ன ஆய்வு, இதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனால் படம் நன்றாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல ஆளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

புலம்பல் என்று எதைச் சொல்லலாம் என்றால், ஒரே படம் மாற்றமே இல்லாமல் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் உங்களை அதே இடத்தில் விட்டுவிட்டுப் போவதை. கணுவில் பாலத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே, அது புலம்பல் இல்லை. அந்த வலியை நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்திருக்கிறீர்கள். புலம்பினாலும்தான் என்ன? ஒப்பாரி பாடுகிற பாட்டியிடம் யாரும், "ஆயா, துக்கத்தை ஜெயிச்சுட்டியா?" என்று கேட்பதில்லை.

இன்னொன்று. உங்களுக்கு இருக்கிற மூன்றையும் நீங்களே ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே ஜாதியாகத் தெரியவில்லை. லூபஸ் உடம்பில் இடம் பிடித்து உட்காருகிற நோய். கணு, கன்னத்தில் சிவப்பு, சிறுநீரகம் என்று விரல் வைத்துக் காட்டலாம், அதனால் படத்தில் அது சுலபமாக வந்துவிடுகிறது. மனச்சோர்வுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. அது வெளிச்சத்தையும் நேரத்தையும் மாற்றிவிடும். அன்றைக்குக் கறுப்பாக எதையாவது கிறுக்க வேண்டும் என்று இல்லை. முந்தின வாரம் வரைந்த அதே வாசலைத் திரும்ப வரைந்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். ஏடிஹெச்டி இந்த இரண்டிலும் சேராது. நியூரோடைவர்ஜென்ட் என்று இப்போது பொதுவாகச் சொல்கிறார்களே, பெரும்பாலோரைப்போல் இல்லாமல் வேறு போக்கில் ஓடுகிற மூளை, அந்த வகை. அது நடுவில் வந்த விருந்தாளி கிடையாது, பிறந்ததிலிருந்து நீங்கள்தான் அது. அதை வரைய வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம், நீங்கள் வரைகிற விதத்திலேயே அது இருக்கிறது. ஒரே தாளில் நாலு படம் தொடங்கி நாலும் நிற்பதைக் குறையாக எழுதியிருந்தீர்கள். நான்கையும் அப்படியே அடுத்தடுத்து ஒட்டிப் பாருங்கள். சில நேரம் அதுதான் படம்.

நோயோடு வரைகிறவர் நோயைத்தான் வரைய வேண்டும் என்றும் சட்டம் இல்லை. இந்தப் பேச்சு வந்தால் எல்லாரும் மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைச் சொல்வார்கள். 1925இல் பஸ் விபத்தில் முதுகெலும்பு நொறுங்கி, படுக்கைக்கு மேலே கண்ணாடி மாட்டி, படுத்தபடியே வரைந்தவர். அவருடைய உடைந்த முதுகெலும்பைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. கடைசி வருடங்களில் அவர் நிறைய வரைந்தது பழங்களை. அறுத்த தர்பூசணியைக்கூட வரைந்திருக்கிறார். நீங்களும் ஒரு வாரம் லூபஸுக்கு லீவு விட்டுவிட்டு நண்டு வரையலாம். அப்பா கொண்டுவருகிற ஓலைக்கூடையை வரையலாம்.

இப்போது கைக்கு வருவோம். இதில் எனக்குக் கொஞ்சம் பேச்சு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: "புடிச்சா நாலு மணி நேரம் எந்திரிக்காம வரைவேன், அப்புறம் ரெண்டு நாள் எந்திரிக்க முடியாது." இது சோம்பலோ அதிர்ஷ்டக்கேடோ இல்லை. ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குப் பிடித்த வேலையில் மூழ்கினால் பசி, தாகம், வலி எதுவும் உறைக்காது. லூபஸின் களைப்போ கடனை வட்டியோடு வசூலிக்கிற வகை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் மூளை இழுத்துக்கொண்டு போன தூரத்துக்கு உடம்பு அபராதம் கட்டும். மன உறுதியை நம்பினால் நடக்காது, வெளியிலிருந்துதான் நிறுத்த வேண்டும். போனில் 25 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, போனை அடுப்படியில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருந்தால் கை தானாக அமர்த்திவிடும். எழுந்து போய் அமர்த்த வேண்டும், அங்கேயே ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், விரல்களை மூடித் திறக்க வேண்டும். பிறகு தெம்பு இருந்தால் இன்னொரு 25. நன்றாக இருக்கிற நாளிலும் அதற்கு மேல் வேண்டாம். நல்ல நாளில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

நிறுத்தும்போது ஒரு கோட்டைப் பாதியில் விட்டு நிறுத்துங்கள். அடுத்த நாள் எங்கே தொடங்குவது என்று முழிக்க வேண்டாம், கை போய் அந்தக் கோட்டிலேயே உட்காரும். தாளைச் சின்னதாக்குங்கள், போஸ்ட் கார்டு அளவு போதும். சாமானை டப்பாவில் போட்டு மூடி வைக்காதீர்கள். கண்ணில் படாத பொருள் உங்களைப் போன்றவர்களுக்கு இல்லாத பொருள். அப்புறம், தனியாக உட்கார்ந்தால் வேலை ஓடாது, பக்கத்தில் ஒருவர் அவர் பாட்டுக்கு ஏதாவது செய்துகொண்டிருந்தால் ஓடும் என்று ஏடிஹெச்டி உள்ள பலர் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் அதற்கு ஆள் இருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்பா கரையில்தான் இருப்பார். அவர் வலைக் கிழிசலைச் சரிசெய்ய உட்காரும்போது நீங்களும் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பேச வேண்டும் என்றுகூட இல்லை.

பால்பாயிண்ட் பேனாவை விடுங்கள். அதற்கு அழுத்தம் வேண்டும், அழுத்தம் முழுக்கக் கட்டைவிரல் அடிமூட்டில் போய் இறங்கும். 6பி பென்சில், ஆயில் பேஸ்டல், ஜெல் பேனா மாதிரி தொட்டாலே பதிகிறவை நல்லது. பிடியைத் தடிமனாக்குங்கள். கடையில் பிடிப்பான் தேட வேண்டாம், வலையில் கோக்கிற மிதவைகளில் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்து அதன் துளையில் பென்சிலைச் சொருகிப் பாருங்கள். துளை பெரிதாக இருந்தால் பென்சிலைச் சுற்றித் துணி சுற்றிச் சொருகலாம். விரல்களை இறுக்கி மடக்காமலே பிடிக்க வரும். அட்டையைச் சாய்த்து வைத்து, விரலை விட்டுவிட்டு தோளிலிருந்து கோடு போடப் பழகுங்கள். கத்தரிக்கோல் வலித்தால் காகிதத்தைக் கிழித்து ஒட்டலாம். வங்காளத்தில் சாந்திநிகேதனில் இருந்த ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி சுவரோவியங்களுக்குப் பேர்போனவர். ஐம்பதுகளில் கண் அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவருக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. அவர் கலையை விடவில்லை, சாமானை மாற்றினார். வெட்டி ஒட்டிய காகிதம், விரலால் தடவிச் செய்யும் உருவங்கள் என்று போனார். உங்களுக்கும் பென்சில் ஒத்துவராத வாரம் வரும், அன்றைக்கு வேறு சாமான்.

களிமண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனி வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவக்கிறது என்கிறீர்கள். லூபஸ்காரர்கள் பலருக்கு இது உண்டு, ரேனாட் என்று பெயர். வெதுவெதுப்பான தண்ணீரில் மண்ணைப் பிசையுங்கள், இல்லாவிட்டால் மண்ணே வேண்டாம்.

கடற்கரையில் உட்கார்ந்து வரைகிற ஆசையையும் கொஞ்சம் அடக்க வேண்டும். வெயில் லூபஸைக் கிளப்பிவிடும் என்று உங்களுக்கே தெரியும். குடை பிடித்தால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறோம். காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதம் அளவுக்கும், கடல் நுரை 25 சதவீதம் அளவுக்கும் திருப்பி அடிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடி கீழேயிருந்து வரும்போது குடை என்ன செய்யும்? சூரியன் கிளம்புவதற்கு முன்னால் அரை மணி, அடங்கும் நேரத்தில் அரை மணி. மற்ற நேரம் வீட்டுக்குள்ளே, ஜன்னலை விட்டுத் தள்ளி.

கரையில் பொறுக்குகிற சாமானிலும் கவனம் வேண்டும். பவளக்கல் செத்துக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது, வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சில சங்கு, சிப்பி வகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. ஸ்டீராய்டு எடுக்கிறவர்களுக்குச் சின்னக் கீறல்கூடச் சீக்கிரம் சீழ் வைத்துவிடும், அதனால் உடைந்த சிப்பியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பனை ஓலை நல்ல சாமான்தான், ஆனால் விளிம்பு அறுக்கும். ஊறவைத்து மெதுவாக்கிய குருத்தோலையாக இருக்கட்டும்.

அடுத்தது, வரைந்தால் மனம் கெடுகிறது என்ற பயம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மனதைப் பிடித்து ஆட்டிய விஷயங்களைத் தினம் கால் மணி நேரம் எழுதச் சொல்லிப் பார்த்தவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர், 1986இல் முதல் ஆய்வு வந்தது. எழுதி முடித்த கையோடு பெரும்பாலோருக்கு மனம் கனத்துத்தான் போனது. பலன் தெரிந்தவர்களுக்கு அது வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. தாங்க முடியாது என்று தோன்றுகிற விஷயத்தை விட்டுவிடுங்கள், தாங்குகிற ஒன்றை எழுதுங்கள் என்பதும் அவர் சொல்லும் முறையிலேயே உண்டு. ஆகவே சில மணி நேரம் கனத்துக் கிடப்பது சகஜம். இரண்டு நாள் என்பது கொஞ்சம் அதிகம். வலியை வரைகிற நாளில் முதல் 25 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் அந்தப் படத்தைத் திருப்பி வைத்துவிட்டு, கண் எதிரே இருக்கிற ஒரு பொருளை வரைந்து முடியுங்கள், செம்போ அரிவாள்மனையோ எதுவானாலும் சரி. இரவு படுக்கப் போகும்போது வலியை வரையவே வேண்டாம்.

தூக்கம் தொடர்ந்து போனாலோ, செத்துப்போகலாம் என்ற எண்ணம் படத்திலோ மனதிலோ தலைகாட்டினாலோ, அன்றைக்குத் தாளை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். 14416 அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் கே. ராமானுஜம் என்று ஒருவர் இருந்தார். மனநோயோடு போராடிக்கொண்டே கறுப்பு மையில் கனவு நகரங்களை வரைந்தவர், அவ்வளவு திறமை. 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வரைந்தால் போதும், மருந்து வேண்டாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார். புள்ளி புள்ளியாக வைத்து வரையும் ஜப்பான் ஓவியர் யாயோய் குசாமா 1977 முதல் தன் விருப்பத்திலேயே ஒரு மனநல மருத்துவமனையில் தங்கிக்கொண்டு, அருகிலேயே ஸ்டுடியோ வைத்து வரைந்து வந்திருக்கிறார். சிகிச்சையும் புள்ளி வைப்பதும் ஒன்றையொன்று தடுக்கவில்லை.

இனி காட்டுவதைப் பற்றி.

அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். பெண்ணுக்கு நோய் என்று தெரிந்தால் வரன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று அவர் பயப்படுவதில் பொய் இல்லை, நம் ஊர் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நோயை உருவமாகக் காட்டுவது நமக்குப் புதிதா என்ன? கண் வலி தீர்ந்தால் அம்மனுக்குக் கண்மலர் சாத்துகிறோம். கை கால் சுகமானால் வெள்ளித் தகட்டில் கையும் காலும் செய்து போடுகிறோம். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களும் இதையே செய்கிறார்கள். அங்கே தொங்குகிற காலைப் பார்த்து யாரும், "இந்தக் காலுக்கு யார் பெண் கொடுப்பார்?" என்று கேட்பதில்லை. அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, இது ஊருக்குச் சொல்றதுக்கு இல்ல. எனக்கு எங்க நோவுதுன்னு டாக்டருகிட்ட வாயால சொல்லத் தெரியல, வரைஞ்சா தெரியுது." ஸ்டேட்டஸை யார் யார் பார்க்கலாம் என்று செட்டிங்கில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், சித்தியை அதில் சேர்க்காமல் விட்டுவிடலாம். இது கோழைத்தனம் இல்லை. இன்னொன்றும் பாருங்கள். ரிப்போர்ட் தாளைப் படம் பிடித்துப் போட்டால் உங்கள் பெயர், வயது, ஓ.பி. எண் எல்லாம் தெரியும். பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தில் துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டு எடுங்கள்.

மனநோயாளிகளைக் கொண்டுவந்து விடுகிற தர்கா இருக்கும் ஏர்வாடியை வசவாகச் சொல்வது நம் மாவட்டத்தில் பழகிப்போயிற்று. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. இன்று அந்தத் தர்காவுக்கு வருகிறவர்களுக்குத் துவாவோடு மருந்தும் கிடைக்க அரசே ஏற்பாடு செய்திருக்கிறது. சித்திக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. வாய்ப்பு வந்தால் சொல்லுங்கள், சண்டைக்கு மட்டும் போகாதீர்கள். உங்களுக்கு இருக்கிற தெம்பு அதற்குச் செலவழிக்கிற அளவுக்கு இல்லை.

விழாக்காரர்கள். 'நோயை வென்ற நங்கை' என்று போட்டால், அடுத்த மாதம் நோய் தலைதூக்கி நீங்கள் படுத்துவிட்டால் தோற்றுப்போன நங்கை என்று போடுவார்களா? லூபஸ் கிளம்பும், அடங்கும், மறுபடி கிளம்பும், இதில் வெல்ல என்ன இருக்கிறது? அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மேடைக்கு அழுகையும் கைத்தட்டலும் வேண்டும், அதற்கு இப்படித்தான் தலைப்பு வைக்கத் தெரியும். நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உதாரணத்துக்கு: "இவை 2024 முதல் வரைந்தவை. வரைந்தவருக்கு லூபஸ் இருக்கிறது. சில படங்கள் முடியவில்லை." வேண்டுமானால் இரண்டாவது வரியையும் எடுத்துவிடலாம். பெயரைப் போடுவதா, ஊரைப் போடுவதா என்பதும் உங்கள் இஷ்டம். மேடைப் பேச்சு கிடையாது, உங்களைப் போட்டோ எடுக்கக் கூடாது, எந்தெந்தப் படம் என்று நீங்கள்தான் பொறுக்குவீர்கள், அசலைத் திருப்பித் தர வேண்டும், போக வர ஆட்டோக் காசு தர வேண்டும். இந்த ஐந்தையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். ஒப்புக்கொண்டால் வையுங்கள். எனக்கு அந்தப் பாலம் படத்தை வைக்கலாம் என்று படுகிறது. மனம் கெட்ட இரவுகளில் வரைந்தவற்றை இப்போதைக்கு வெளியே எடுக்க வேண்டாம். ஒரு படத்தைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவர் தப்பாகப் பேசினால் உங்களுக்குத் தாங்குமா என்று பார்த்துப் பொறுக்குங்கள்.

கடைசியாக, டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. படத்தின் மூலையில் தேதியும் அன்றைய ஸ்டீராய்டு அளவும் குறியுங்கள். ஸ்டீராய்டு கூடும்போது தூக்கம் கெடும், மனம் தாறுமாறாகும், அது உங்கள் சுபாவம் இல்லை. லூபஸே மூளையைத் தொட்டும் மனதைக் குலைக்கலாம். மனம் கெட்ட வாரங்களும் மாத்திரை கூடிய வாரங்களும் ஒன்றாக வருகின்றனவா என்று உங்கள் படங்களை வரிசையாக அடுக்கினால் தெரிந்துவிடும், மூட்டு டாக்டருக்கும் மனநல டாக்டருக்கும் அது உதவும். அதற்காக ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், நிறம் மங்கித் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். ஏடிஹெச்டிக்கு மாத்திரை தொடங்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். தொடங்கலாம், ஆனால் அந்த வகை மருந்துகளில் சில விரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. விரல் வெளுக்கிற விஷயத்தை அந்த டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இரண்டு டாக்டர்களுக்கும் மற்றவர் எழுதிய சீட்டு தெரிந்திருக்க வேண்டும். வெளுத்த விரல்களை நிறத்தோடு வரைந்து எடுத்துக்கொண்டு போனாலும் சரி.